மருந்துக்கு அடங்காத கிருமியை மூன்று அவைகளில் சொல்வது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறீர்கள். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாக்களிடம் பலிக்காமல் போவது உங்கள் ஆய்வுப் பொருள். அல்சூரில் ஒரு தமிழ் அமைப்பு, குடும்பங்கள் கூடும் மாலை நிகழ்ச்சியில் அரை மணி நேரம் பேச அழைத்திருக்கிறது. அதே மாதம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமும், அதற்கடுத்து மருந்துக்கடை நடத்துபவர்களின் கூட்டமொன்றிலும் பேச ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே அறிவியலை இந்த மூன்று தரப்பினருக்கும் எப்படி எளிமையாகச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், எளிமைப்படுத்தினால் பொய் சொன்னதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்பதை எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்வது என்பதே அது.

நான் இந்த நகரத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் 24 ஆண்டுகள் வேலை பார்த்தவன். சிறுநீர், சளி, ரத்தம், சீழ் என்று வரும் மாதிரிகளில் எந்தக் கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து அறிக்கை எழுதுவதே என் வேலை. அந்த வேலைக்கு நடுவே பள்ளிகள், குடியிருப்போர் சங்கங்கள், செவிலியர் பயிற்சி வகுப்புகள், ஒரு முறை ஒரு கோயில் அன்னதானக் கூடம் என்று பல இடங்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும், தட்டுத் தடுமாறிக் கன்னடத்திலும் பேசியிருக்கிறேன். தொடர்பியலை நான் முறையாகப் படித்ததில்லை. என் பேச்சைக் கேட்டவர்கள் கைதட்டியது தெரியும். வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்பதை நான் அளந்து பார்த்ததில்லை. ஆகவே கீழே நுண்ணுயிர் பற்றி வருவதைத் தொழில்முறை அறிவாகவும், பேசும் முறை பற்றி வருவதைப் பட்டறிவாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் தமிழ்ப் பேச்சு ஒரே ஒரு சொல்லால் கெட்டது. குடியிருப்புச் சங்கத்தின் பொங்கல் விழா. நாற்பது நிமிடம் பேசினேன். "தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிடும்" என்று ஐந்தாறு தடவையாவது சொல்லியிருப்பேன். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, "தம்பி, எதிர்ப்புச் சக்தி கூடுச்சுன்னா நல்லதுதானே? அதுக்குத்தானே நாங்க கஷாயம் வெச்சுக் குடிக்கிறோம்?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பலர் தலையாட்டினார்கள். அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. உடல் நோயைத் தாங்கும் திறனுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். பாக்டீரியா மருந்தைத் தாங்கும் திறனுக்கும் பாடநூல் வழக்கில் எதிர்ப்பு என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாக இருப்பவை தமிழில் ஒரே சொல்லில் வந்து விழுகின்றன. விளம்பரங்கள் எல்லாம் எதிர்ப்புச் சக்தியை விற்கும் ஊரில், அதே சொல்லை வைத்து மக்களைப் பயமுறுத்த முயன்றேன்.

இந்தக் குழப்பத்துக்குத் தமிழ் மட்டும் காரணமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் சுமார் 10,000 பேரிடம் கேட்டபோது, 76 சதவீதம் பேர் மருந்தை எதிர்க்கத் தொடங்குவது தங்கள் உடல்தான் என்று நினைத்திருந்தார்கள். மாறுவது கிருமி, உடல் அல்ல என்பதுதான் இந்த அறிவியலின் முதல் வரி; முக்கால்வாசிப் பேருக்கு அந்த முதல் வரியே போய்ச் சேரவில்லை. "என் உடம்புக்கு அந்த மருந்து பழகிவிடும், அதனால் நான் ஜாக்கிரதையாக இருக்கிறேன், மற்றவர்களுக்கென்ன" என்ற முடிவுக்கு இதிலிருந்து நேராகப் போய்விடலாம். உண்மையோ, அடங்காத கிருமி என் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்குப் போகும். வாழ்நாளில் ஆன்டிபயாட்டிக்கே தொடாதவரையும் பிடிக்கும். அன்றிலிருந்து எதிர்ப்பு என்ற சொல்லை மேடையில் தவிர்த்துவிட்டேன். "மருந்துக்கு அடங்காத கிருமி" என்று சொல்கிறேன். அந்தத் தொடரில் எழுவாய் கிருமிதான் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. அடங்காதது நல்லதல்ல என்று விளக்கவும் வேண்டியதில்லை. உங்கள் ஆய்வேட்டில் பாடநூல் சொல்லையே எழுதுங்கள். அல்சூரில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கிருமி என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பேச்சில் வயிற்றுப் பூச்சி முதல் வைரஸ் வரை எல்லாமே கிருமிதான். அதே கணக்கெடுப்பில் 64 சதவீதம் பேர் சளிக்கும் ஃபுளூவுக்கும் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும் என்று நம்பினார்கள். எல்லாம் கிருமி, இது கிருமியைக் கொல்லும் மருந்து என்றால் அந்த நம்பிக்கையில் தர்க்கப் பிழையே இல்லை. குடும்பங்களிடம் நான் சொல்வது இது: பாக்டீரியா தனி வீடு கட்டி, சொந்த அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் கிருமி, வைரஸ் நம் வீட்டுக்குள் புகுந்து நம் அடுப்பிலேயே சமைக்கும் கிருமி. ஆன்டிபயாட்டிக் அந்தத் தனி வீட்டின் சுவரை உடைக்கும், அல்லது அடுப்பை அணைக்கும். சளிக்குக் காரணமான வைரஸுக்குச் சுவரும் இல்லை, அடுப்பும் இல்லை. உடைக்க ஒன்றுமில்லாத இடத்தில் மருந்து என்ன செய்யும்? பெனிசிலின் வகை மருந்துகள் உண்மையிலேயே பாக்டீரியாவின் செல்சுவரைத்தான் குறிவைக்கின்றன. அசித்ரோமைசின் போன்றவை அதன் புரத உற்பத்தியைத் தடுக்கின்றன. அதாவது உவமையின் சுவருக்கும் அடுப்புக்கும் உடலுக்குள் நேர்ப் பொருள் இருக்கிறது. ஓர் உவமையை ஏற்கலாமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலே யோசித்தால் சரியான இடத்துக்குப் போக வேண்டும்.

எல்லா உவமைகளும் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. பெங்களூர்த் தமிழர்களில் பலருடைய வேர் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை நிலத்தோடு இருந்தவர்கள். ஒரு கூட்டத்தில் குழாய் வேலை செய்யும் ஒருவர், "புரியுது சார், பருத்திக்கு அடிக்கிற மருந்து புழுவுக்குப் பழகிப்போற மாதிரி" என்றார். நான் பத்து நிமிடம் திணறியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆனால் பழகிப்போவது என்பது அறிவியல்படி தவறு. எந்தத் தனிப் பாக்டீரியாவும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துப் பழகிக்கொள்வதில்லை. கோடிக்கணக்கானவற்றில் ஏதோ ஒன்றிரண்டு, மரபணுவில் நேர்ந்த பிழையாலோ வேறொரு பாக்டீரியாவிடமிருந்து பெற்ற மரபணுவாலோ, முன்பே தாங்கும் திறனோடு இருக்கின்றன. மருந்து மற்றவற்றை அழித்து அவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். இதை அங்கேயே திருத்த வேண்டுமா?

நான் திருத்தவில்லை. இப்போதும் குடும்பங்கள் முன் திருத்துவதில்லை. ஆனால் எட்டாம் வகுப்பில் கட்டாயம் திருத்துவேன். இதுதான் உங்கள் பயத்துக்கு என்னிடம் இருக்கும் பதில். நான் விட்டுவிடும் நுணுக்கம், கேட்பவர் அடுத்துச் செய்யப்போவதை மாற்றுமா என்று பார்க்கிறேன். அந்தக் குழாய்க்காரர் செய்யப்போவது மருந்தைத் தேவையில்லாமல் வாங்காதிருப்பது. பழகிப்போகிறது என்று நினைத்தாலும் இயற்கைத் தேர்வு என்று நினைத்தாலும் அது மாறாது. ஆனால் பிள்ளைகள் அடுத்துச் செய்யப்போவது மேல் வகுப்புகளில் பரிணாமத்தைப் படிப்பது. பழகிப்போதல் என்ற படம் அவர்கள் தலையில் உறைந்துவிட்டால், ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நீட்டி நீளமாக்கிக்கொண்டது என்ற பழைய தவறுக்கு நானே வழி வெட்டிக் கொடுத்தவன் ஆவேன். ஆகவே ஒரே எளிமைப்படுத்தல் ஓரிடத்தில் விட்டுக்கொடுப்பு, இன்னோரிடத்தில் பொய். குடும்பங்களிடம் விடக்கூடாத நுணுக்கம் வேறு: அடங்காத தன்மையை ஒரு கிருமி பக்கத்திலிருக்கும் வேறு வகைக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கும் என்பது. தான் கெட்டதோடு நில்லாமல் ஊரையும் கெடுக்கும் என்று சொன்னால் போதும். என் வீட்டு மாத்திரை பக்கத்து வீட்டாரின் பிரச்சினையாவது எப்படி என்பதை இது இல்லாமல் விளக்க முடியாது.

பள்ளிக்கு எதைக் கொண்டுபோவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் பெரிய தவறு அங்கேதான் நடந்தது. பாக்டீரியாவை வளர்க்கும் தட்டை உயிருள்ள கிருமியோடு வகுப்பறைக்குக் கொண்டுபோகவே கூடாது. நல்ல ஒளிப்படம் போதும். உள்ளங்கை அகலத் தட்டில் வைக்கோல் நிறக் கூழ். அதன்மேல் பாக்டீரியாவைச் சீராகப் பூசி, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள மருந்து தோய்த்த காகித வட்டங்களை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விட்டால், காலையில் தட்டு முழுவதும் பனி படிந்த கண்ணாடி போல மங்கியிருக்கும். மருந்து பலித்த காகிதத்தைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரியும். பலிக்காத இடத்தில் அந்த மங்கல் காகிதத்தின் விளிம்பு வரை வந்து முட்டி நிற்கும். படத்தைக் காட்டி, "இது உங்கள் அம்மாவுக்கு வந்த தொற்று, எந்த மருந்தைக் கொடுப்பீர்கள்?" என்று கேட்பேன். எல்லோரும் மிகப் பெரிய வட்டத்தைக் காட்டுவார்கள். நானும் சரி என்று சொல்லிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டேன்.

ஒரு பையன்தான் கேட்டான்: "சின்ன வட்டம் வந்தா அது பவர் கம்மியான மருந்தா சார்?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெவ்வேறு மருந்துகளின் வட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. பெரிய மூலக்கூறு கொண்ட மருந்து கூழுக்குள் மெதுவாகப் பரவும். அதன் வட்டம் சிறியதாக இருந்தாலும் நோயாளியிடம் நன்றாக வேலை செய்யலாம். ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்ற தனி எல்லை இருக்கிறது. நாங்கள் அட்டவணையைப் பார்த்தே எழுதுவோம். ஆய்வகத்தில் நாள்தோறும் கடைப்பிடித்த விதியை வகுப்பறையில் நானே மீறிக்கொண்டிருந்தேன். அதுவும், பவரான மாத்திரைதான் நல்ல மாத்திரை என்று மருந்துக்கடையில் கேட்கும் நம்பிக்கைக்கு அது தீனியும் போட்டது. இப்போது இரண்டு படங்கள் காட்டுகிறேன்: ஒரே மருந்து, ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பாக்டீரியாக்கள், ஒன்றில் வட்டம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. கேள்வி தானாகவே கிருமியின் பக்கம் திரும்பிவிடுகிறது.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் பிடிக்கும். நல்ல சூழலில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்றிலிருந்து தொடங்கி 10 மணி நேரத்தில் எத்தனை என்று கரும்பலகையில் அவர்களையே இரட்டிக்கச் சொல்லுங்கள். 30 முறை இரட்டித்தால் 107 கோடியைத் தாண்டும். பத்துக் கோடியில் ஒன்றுக்கு நேரும் பிழை என்பது அபூர்வமே இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். உணவும் இடமும் தீர்ந்தால் இந்தக் கணக்கு நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதையும், பெங்களூர் டிசம்பர்க் குளிரில் காலையிலும் பொங்காமல் அம்மாவைச் சோதிப்பதையும் எடுத்துக்காட்டாகச் சொன்னால், வெப்பத்துக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவு மட்டுமல்லாமல் எல்லா நுண்ணுயிரும் எதிரி அல்ல என்பதும் போகிற போக்கில் பதிந்துவிடும்.

மருந்துக்கடைக்காரர்கள் கூட்டத்துக்கு வருகிறேன். அங்கே நான் கொண்டுபோன படங்களில் முக்கால்வாசி அவர்களுக்குத் தெரிந்தவை. பல ஆன்டிபயாட்டிக்குகள் 2014 மார்ச் முதல் எச்1 என்ற அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன, அவற்றை விற்றால் மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு நான் சொல்லித் தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று 2016இல் மத்திய அரசு தொடங்கிய பிரசாரமும் அவர்களுக்குத் தெரியும். ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, கூலி வேலைக்குப் போறவன் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நாலு மாத்திரை கேக்குறான். டாக்டரைப் பார்க்கப் போனா அரை நாள் சம்பளம் போச்சு, ஃபீஸ் வேற. நான் இல்லேன்னா அடுத்த கடையில வாங்குவான். நீங்க சொல்றது எனக்குத் தெரியாமலா இருக்கு?" என்னிடம் பதில் இல்லை.

மக்களுக்குத் தகவல் குறைவாக இருக்கிறது, அதை ஊற்றி நிரப்பினால் நடத்தை மாறிவிடும் என்ற எண்ணத்தை அறிவியல் தொடர்பாடலை ஆய்வு செய்பவர்கள் பல பத்தாண்டுகளாகவே கேள்விக்கு உள்ளாக்கி வருகிறார்கள். எனக்கு அது கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடமிருந்துதான் விளங்கியது. அன்று மீதி நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளரிடம் அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய ஒரு வாசகத்தை எல்லோரும் சேர்ந்து உருவாக்கினோம். "இது சளி மாதிரிதான் தெரியுது, இந்த மாத்திரை சளியைத் தொடாது, வயித்தைத்தான் கெடுக்கும். காய்ச்சல் மூணு நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ டாக்டரைப் பார்த்தே ஆகணும்" என்பது அதன் சாரம். வயிற்றைக் கெடுக்கும் என்பது உண்மை; ஆன்டிபயாட்டிக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அழிப்பதால் வயிற்றுப்போக்கு வருவது சாதாரணம். இங்கிலீஷ் மருந்து சூடு என்று நம்பிப் பாதியில் நிறுத்துபவருக்கும், பவர் மாத்திரை கேட்பவருக்கும் அந்த ஒரு காரணம் உடனே பிடிபடுகிறது. நாட்டில் நோய்க்கிருமிகள் அடங்காமல் போகும் என்ற காரணம் அந்த இடத்தில் எடுபடுவதில்லை. ஆனால் மருத்துவர் கட்டணத்தையும் போகும் சம்பளத்தையும் எந்தப் பேச்சாலும் குறைக்க முடியாது. அந்த எல்லையைக் கூட்டத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். அதன் பிறகு நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அடுத்தது, உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் ஒரே மேடையில் சொல்வது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 டிசம்பரில் தம் நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார். கிருமிகள் சாகாமல் மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்கின்றன. அவை மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகின்றன. பெனிசிலின் பலிக்காமல் மனைவி இறந்துவிடுகிறார். அறிவியல் தொடர்பாடலில் இதைவிடக் கச்சிதமான கதையைக் காண்பது அரிது. பாதியில் நிறுத்தினால் கிருமி அடங்காததாகிவிடும் என்ற அறிவுரை அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததில் இப்படிப்பட்ட கதைகளுக்குப் பங்குண்டு. ஆனால் ஃபிளெமிங் கதையில் வரும் அந்தத் தொண்டை வலிக் கிருமியின் முக்கிய வகை, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பெனிசிலினுக்கு அடங்கியே இருக்கிறது. 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு மருத்துவர் குழு, கோர்ஸை முடித்தே ஆக வேண்டும் என்ற பொது அறிவுரைக்கு வலுவான சான்று இல்லை, தேவைக்கு மேல் நீளும் மருந்துதான் பல கிருமிகளை அடங்காதவையாக்குகிறது என்று எழுதியது. அதன் பிறகும் விவாதம் முடியவில்லை. பல பொதுவான தொற்றுகளுக்கு முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த நாட்களே போதும் என்பது ஆய்வுகளில் தெளிவாகி வருகிறது. காசநோய்க்கு இது பொருந்தாது. அங்கே மாதக்கணக்கான சிகிச்சையைப் பாதியில் விடுவது நிச்சயமாக ஆபத்து.

இதை அல்சூரில் எப்படிச் சொல்வீர்கள்? நான் சொல்வது: "எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக நீட்டாதீர்கள், மிச்சத்தை டப்பாவில் போட்டு வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். முன்பு பத்து நாள் கொடுத்த சில நோய்களுக்கு இப்போது ஐந்து நாளே கொடுக்கிறார்கள், ஆராய்ச்சி மாறியிருக்கிறது." கடைசி வாக்கியத்தைச் சொன்னால் மக்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள் என்று சக ஊழியர்கள் எச்சரித்தார்கள். 2020இல் வெளியான சில சோதனைகளின் தொகுப்பு, ஓர் எண்ணோடு அதன் ஏற்ற இறக்க வரம்பையும் சேர்த்துச் சொல்வதால் நம்பிக்கை மிகக் கொஞ்சமே குறைகிறது என்று காட்டியது. அவை நம்மூரில் நடந்த சோதனைகள் அல்ல. ஆனால் என் அனுபவம் அதற்கு எதிராகவும் இல்லை. இன்று மறைத்துவிட்டு, நாளை மருத்துவர் ஐந்து நாள் எழுதிக் கொடுக்கும்போது அவர்களே கண்டுபிடித்தால் போகும் நம்பிக்கை அதைவிடப் பெரிது.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. 2019ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீடு ஒன்று இரண்டு எண்களைத் தந்தது: அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமான இறப்புகள் 12.7 லட்சம், அதனோடு தொடர்புள்ள இறப்புகள் 49.5 லட்சம். கிருமி மருந்துக்கு அடங்கியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது முதல் கணக்கு. அந்தத் தொற்றே வராதிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்பது இரண்டாவது. பேச்சாளர்கள் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு சிறிய எண்ணின் விளக்கத்தைச் சொல்கிறார்கள். 2050இல் ஆண்டுக்கு 1 கோடிப் பேர் சாவார்கள் என்று ஓர் எண்ணும் சுற்றுகிறது. அது 2014இல் பிரிட்டன் அரசின் பரிசீலனைக் குழு சில அனுமானங்களின் மேல் போட்ட கணிப்பு. கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2024இல் வந்த விரிவான கணிப்பு, 2050இல் நேரடி இறப்புகள் சுமார் 19 லட்சம், தொடர்புள்ளவை 82 லட்சம் என்கிறது. 19 லட்சமே போதிய பயங்கரம். அதை ஊதிக் காட்ட வேண்டியதில்லை. மில்லியன் என்று சொல்லாதீர்கள், லட்சம் கோடியில் சொல்லுங்கள். இரண்டு மடங்கு, மும்மடங்கு என்று மட்டும் சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள். 1995இல் பிரிட்டனில் ஒரு வகைக் கருத்தடை மாத்திரை ரத்தக்கட்டு அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது என்று எச்சரித்தார்கள். 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வருகிறது என்பதே அந்த இரட்டிப்பு. பயந்துபோய் மாத்திரையைப் பலர் நிறுத்தியதால், இங்கிலாந்திலும் வேல்சிலும் அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாக மதிப்பிட்டார்கள்.

பயிற்சி வகுப்புகளில் உங்களுக்குச் சொல்லப்படும் சிலவற்றை நான் நம்புவதில்லை. பேச்சில் 7 சதவீதம்தான் சொல், மீதியெல்லாம் குரலும் உடல்மொழியும் என்பது அதில் முதன்மையானது. 1967இல் தனிச்சொற்களும் முகபாவமும் தரும் உணர்ச்சிக் குறிப்பைப் பற்றி நடந்த சிறு ஆய்வுகளிலிருந்து பிய்த்தெடுத்த எண் அது, அறிவியல் உரைக்குப் பொருந்தாது. தவறான நம்பிக்கையைத் திருத்தினால் அது இன்னும் இறுகிவிடும் என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த விளைவு பெரும்பாலும் தென்படவில்லை. ஆகவே திருத்தப் பயப்படாதீர்கள், மரியாதையோடு திருத்துங்கள்.

மொழி பற்றிக் கடைசியாக ஒன்று. இந்த நகரத்தில் தமிழ் பேசுபவர்களில் கணிசமானோர், குறிப்பாக இங்கேயே பள்ளிக்குப் போனவர்கள், தமிழ் எழுத்தைச் சரளமாகப் படிப்பதில்லை. கன்னடமோ ஆங்கிலமோதான் கைக்கு வரும். தூய தமிழில் நிறைந்த திரையைக் காட்டினால் பாதி அவை படம் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். திரையில் படம் மட்டும் வையுங்கள். சொல்ல வேண்டியதை வாயால் சொல்லுங்கள், மேடைத் தமிழில் அல்லாமல் வீட்டில் பேசுவதுபோலச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் என்பதை நுண்ணுயிர்க்கொல்லி என்று மாற்றினால், வீட்டு அலமாரியில் இருக்கும் அட்டையைத்தான் சொல்கிறீர்கள் என்பதே புரியாமல் போகும்.

ஸ்டான்ஃபோர்டில் 1990இல் ஒரு மாணவி செய்த ஆய்வில், நன்கு தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்டியவர்கள், கேட்பவர்களில் பாதிப்பேர் பாட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுபவருக்குள் மெட்டு ஓடுகிறது. கேட்பவருக்கு வெறும் டக் டக். நீங்கள் சில ஆண்டுகளாக இந்த மெட்டுக்குள்ளேயே இருக்கிறீர்கள். அதனால் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அத்தைக்கோ தொலைபேசியில் பத்து நிமிடம் இதைச் சொல்லுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எந்த இடத்தில் எதிர்ப்புச் சக்தி என்று சொல்கிறாரோ அங்கேதான் உங்கள் பேச்சில் மாற்ற வேண்டிய வரி இருக்கிறது.